ஒன்பதாவது வரி

ஆவணி மாதத்து வெயில் நீலப்பிரதி எடுப்பதற்கென்றே அடிக்கும். ஆனால் கூடவே பாழாய்ப்போன கச்சான் காற்றும் அடிக்குமே! பொன்னுதுரை முற்றத்தில் குத்தவைத்து, கண்ணாடிச் சட்டத்தின் நாலு மூலையிலும் செங்கல்லை வைத்து, அதுவும் போதாமல் இரண்டு கைகளாலும் அமுக்கிக்கொண்டிருந்தான். சட்டத்துக்குள் மேலே மசியில் வரைந்த படம், அடியில் மருந்து தடவிய காகிதம். எழுநூறு எண்ணும் வரை வெயில் பட வேண்டும். பிறகு தண்ணீரில் அலசினால் நீலத்தில் வெள்ளைக் கோடாகப் படம் எழும்பி வரும். துறைமுகத்துக் கரித்தூசி ஒரு பொட்டு கண்ணாடியில் விழுந்தாலும் பிரதியில் அது புள்ளியாக விழுந்துவிடும். பம்பாய்க்காரன் அதையும் ஒரு துளை என்று நினைத்து விலை போட்டுவிட்டால் என்ன செய்வது?

"ஏளா கிரேசி, எண்ணுதியா?"

"நானூத்திப் பத்து. பேச்சு குடுத்தியன்னா எண்ணம் தப்பிரும்."

அவன் மனைவி அடுக்களை வாசலில் காணப்பயற்றுத் துவையல் அரைத்துக்கொண்டே எண்ணினாள். அம்மிக்குழவி ஒரு தடவை போய் வந்தால் ஒன்று. நாசரேத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் விஞ்ஞான டீச்சராக இருந்தவளுக்கு எண்ணம் தப்பாது. தப்பினாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள், அது வேறு.

மூன்று பிரதி ஆகிவிட்டது, இது நாலாவது. பம்பாயில் இரண்டு கம்பெனி, கல்கத்தாவில் ஒன்று, கோயமுத்தூரில் ஒன்று. நாலுக்கும் படமும் கடிதமும் இன்று மூன்று மணித் தபாலில் போயாக வேண்டும். ஏனென்றால் கையெழுத்துப் போட வேண்டிய முதலாளி காசிலிங்கம் அண்ணாச்சி இன்று சாயங்காலம் கொழும்புக்குக் கப்பல் ஏறுகிறார். போனால் கார்த்திகைக்குத்தான் திரும்புவார்.

படத்தில் இருந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு வளையம். நடுவில் நாலு கால். அந்தக் கால்களின் மேல் ஒரு தோல் மூடி ஏறி இறங்கும். தோணியின் வயிற்றில் கசிந்து நிற்கும் தண்ணீரை வெளியேற்றுகிற கைப்பம்பின் உயிர் அந்த வளையத்தில்தான் இருந்தது. தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஆறு மைல் தள்ளி நிற்கும். பஞ்சுப்பொதியும் உப்பு மூட்டையும் ஆளும் தோணியில்தான் போக வேண்டும். எந்தத் தோணியும் கசியும். காலங்காலமாக ஆட்கள் வாளியால் கோரி ஊற்றினார்கள். உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்துப் பழைய சாமான் ஏலத்தில் அண்ணாச்சி ஒரு பம்பை எடுத்து வந்து சிலுவைத் தண்டலின் தோணியில் மாட்டினார். நாலு ஆள் கோருவதை ஒரு ஆள் இறைத்தான். அன்றைக்குப் பிடித்தது ஆசை. தன்னுடைய பதினாலு தோணிக்கும் பம்பு வேண்டும், பிறகு கீழக்கரை முதல் குளச்சல் வரை அத்தனை பேருக்கும் தானே பம்பு செய்து விற்க வேண்டும். குழாயும் கைப்பிடியும் ஊர்க் கொல்லர்கள் செய்துவிடுவார்கள். இந்த வளையம்தான் உள்ளூரில் ஒன்று போல ஒன்று வராது. இரும்பில் அச்சு வெட்டி, உருகின உலோகத்தை அழுத்தி ஊற்றினால் ஆயிரமானாலும் மாறாமல் விழும். அதற்குத்தான் இந்த விலை கேட்கும் கடிதம்.

பொன்னுதுரைக்கு இது வெறும் கடிதமில்லை. சண்டைக்காலத்தில் துறைமுகப் பட்டறையில் படம் வரைகிறவனாக இருந்தான். சண்டை முடிந்தது, பட்டறையும் மூடிவிட்டார்கள். நாலு மாதம் ரேஷன் சோளத்தைக் காய்ச்சிக் குடித்தார்கள். மாசியில் அண்ணாச்சிதான் கூப்பிட்டு வேலை கொடுத்தார். இந்தக் காரியம் நேராக முடிந்தால் பம்புப் பட்டறைக்கு அவனே மேஸ்திரி. முடியாவிட்டால் மறுபடியும் சோளம்.

நாலாவது பிரதியை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது சிலுவைத் தண்டல் வந்தான். ஐம்பது வயது. தோணிக்கு அவன்தான் தலைவன், ஆனால் தரையில் நின்றால் எந்நேரமும் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற முகம்.

"மொதலாளி ஒரு மணிக்கு இங்கன வாராவ. கையெழுத்துப் போட்டுட்டு அப்படியே தோணிக்குப் போணுமாம். எல்லாம் ரெடியா இருக்கணும்னு சொல்லிட்டு வரச் சொன்னாவ."

"ஒம்ம தோணியிலயா போறாரு?" என்றான் பொன்னுதுரை.

"வேற தோணி எங்க? பதிமூணும் கரையில கெடக்கு. பலக இடுக்க அடைக்குத கலப்பத்து வேல முடியல. தண்ணியில நிக்கது என்னோடது ஒண்ணுதான்."

கிரேசி கருப்பட்டிக் காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன தண்டல், சூடு காணலயா?"

"அது இல்ல டீச்சரம்மா. ரெண்டு நாளா பம்பு சரியா இழுக்க மாட்டேங்கு. பத்து இழுப்பு இழுத்தா ரெண்டு இழுப்புத் தண்ணிதான் வருது."

"மொதலாளிட்ட சொன்னீரா?"

"எங்க சொல்ல? வாளியில கோரிப் பழகின பயலுக்குப் புதுசு எதுவும் புடிக்காதுன்னு முந்தியே ஒரு தடவ ஏசிட்டாவ. எனக்கு வேணுமா?" என்று சொல்லிவிட்டு, காப்பியை ஒரே மடக்கில் குடித்து, லோட்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

கிரேசி கவிழ்ந்த லோட்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுக்களைக்குள் போனாள். அடுப்புக்குப் பின்னால் ஒரு ஊறுகாய்ப் பரணி இருந்தது. அதில் ஊறுகாய் இல்லை. சித்திரையில் ஒரு கம்பெனி ஏஜெண்டு வந்து, பம்பிலிருந்து கழற்றிய பித்தளை வளையத்தை வாங்கிப்போய், தங்கள் வெள்ளை உலோகத்தில் மாதிரிக்கு இரண்டு வார்த்துக் கொடுத்திருந்தான். துத்தநாகம்தான், கொஞ்சம் ஈயமும் கலந்திருக்கும். வெள்ளிபோல் பளபளவென்று இருந்தது. பித்தளை கிடைக்காத காலம், விலையும் கால்வாசி. அண்ணாச்சிக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. ஒன்றைச் சிலுவையின் பம்பில் மாட்டச் சொன்னார். மற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்தான் பொன்னுதுரை. கிரேசி அதோடு ஒரு பித்தளை ஆணியைச் சேர்த்துக் கட்டி, பரணியில் கடல்தண்ணீர் ஊற்றி அதில் போட்டுவைத்தாள். பம்பின் உடம்பு பித்தளை, அதனால் ஆணி. அடுப்புச் சூட்டில் அரிப்பு சீக்கிரம் தெரியும், அதனால் அந்த இடம். வாரத்துக்கொரு தரம் தண்ணீரை மாற்றினாள்.

இப்போது மூடியைத் திறந்து பார்த்தாள். வளையம் முழுக்க சுண்ணாம்பு அப்பியது மாதிரி வெள்ளை பூத்திருந்தது. ஒரு கால் வீங்கி வெடித்திருந்தது. 

"இங்க வந்து பாருங்க," என்றாள்.

"நேத்தே பாத்தேன்லா."

"நேத்து ரோசனை. இன்னைக்குப் பயமா இருக்கு. தண்டல் சொன்னதக் கேட்டியள்லா? கடுதாசில கடல்தண்ணின்னு ஒரு வார்த்தை எழுதுங்க."

பொன்னுதுரை தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணாச்சி எத்தன தடவ சொல்லிட்டாரு! எதுக்கு, எங்கன மாட்டுதோம்னு ஒரு எழுத்து வரப்படாதுன்னு. ரப்பர் சக்கர வண்டிய அவருதான் மொதல்ல கொண்டாந்தாரு. ஒரு மாசத்துல துறைமுகம் பூரா ரப்பர் சக்கரம். அந்த வயித்தெரிச்சல் இன்னும் ஆறல அவருக்கு."

"தண்ணின்னு சொல்லாட்டா அவன் அந்த வெள்ளைச் சாமானுக்குத்தான் விலை எழுதுவான்."

"எழுதட்டும். நாம விலைதான கேக்குதோம்? ஆர்டர் குடுக்கயில பாத்துக்கலாம்."

"ஆர்டர் குடுக்கயில நீங்களா குடுக்கப் போறிய? அண்ணாச்சி நாலு விலையப் பரத்தி வச்சு, எது கொறச்சலோ அதுல விரல வப்பாரு. அப்ப குறுக்க விழுந்து தடுப்பியளா?"

  தடுக்க மாட்டான் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நாலு மாசம் சோளக்கஞ்சி குடிச்சத மறந்துட்டியா?" என்றான் கடைசியில், மெதுவாக.

"மறக்கல," என்றாள். "கடுதாசியக் குடுங்க, நான் அடிக்கேன்."

கடிதத்தை அவன் கையால் எழுதி வைத்திருந்தான். நல்ல கடிதம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் யோசித்து எழுதியது. கேள்விகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, தள்ளி ஆரம்பிக்கும்படி எழுதியிருந்தான். கிரேசி தன் பழைய தட்டச்சு யந்திரத்தை எடுத்து வைத்து, இரண்டு தடவையாகக் கார்பன் வைத்து அடித்தாள். அவன் படங்களை மடித்து உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். சடசடவென்று சத்தம் நடுவில் ஒரு தடவை நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அவன் கவனிக்கவில்லை.

சோற்றில் கை வைக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். காசிலிங்கம் அண்ணாச்சி வந்துவிட்டார். சாத்தான்குளத்துப் பக்கம் உடன்குடியிலிருந்து கருப்பட்டிச் சிப்பத்தோடு பன்னிரண்டு வயதில் ஊருக்குள் வந்தவர். இன்று பதினாலு தோணி. இங்கிலீஷில் எண்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. தெரியாது என்பதை மறைக்கவும் மாட்டார். பின்னாலேயே சிலுவை அவருடைய டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"என்ன வே, ஆச்சா? சாப்பாட்ட முடிச்சிட்டு வாரும். இல்ல, வேண்டாம், நேரமில்ல. கையக் கழுவிட்டு வாரும்."

பொன்னுதுரை கையைக் கழுவினான். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து, நாலு கடிதத்தையும் மடியில் வைத்து, மேலே இருந்ததை அவனிடம் நீட்டினார்.

"வாசியும். நான் ஒண்ணுல பாத்துக்கிடுதேன்."

அவன் நின்றபடி வாசித்தான். வாசித்தான் என்றால், இங்கிலீஷில் பார்த்துத் தமிழில் சொன்னான். "படத்துல உள்ளபடி வளையத்துக்கு என்ன உலோகம் போடுவிய, அது என்ன எடை வரும்னு கேட்டிருக்கேன். அச்சு வெட்டக் கூலி தனி, வளையத்துக்கு விலை தனியா எழுதச் சொல்லியிருக்கேன்."

"அச்சு யாருக்குச் சொந்தம்?"

"அது அடுத்து வருது. அச்சு நமக்குச் சொந்தம், வேற ஆளுக்கு அதுல வார்க்கக் கூடாது."

"அப்பிடிப் போடும்! மேல சொல்லும்."

"இருநூத்தம்பது, ஐநூறு, ஆயிரம், மூணுக்கும் தனித்தனி விலை. அளவுல அரை நூல்ல பாதிக்கு மேல வித்தியாசம் வரப்படாது."

அண்ணாச்சியின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஊர்ந்துகொண்டிருந்தது. மூட்டை இறங்கும்போது எண்ணுகிற பழக்கம். சும்மா இருந்தாலும் அந்த விரல் எதையாவது எண்ணும்.

"மொத மாதிரி எத்தன நாள்ல வரும்னு கேட்டிருக்கேன்," என்றான் பொன்னுதுரை. அடுத்த வரிக்குக் கண் போனது. நின்றான்.

அது அவன் எழுதிய வரி இல்லை. 'இந்த உறுப்பு எந்நேரமும் கடல்நீரில், மனிதர்களை ஏற்றிச் செல்லும் படகில் இருக்கும். கடல்நீரைத் தாங்காத உலோகத்துக்கு விலை அனுப்ப வேண்டாம்.' இங்கிலீஷில் தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்திருந்தது.  அடுக்களை வாசலைப் பார்த்தான். கிரேசி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன வே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, தொண்ட கம்மிட்டு. பெட்டி கட்டுத கூலி, ரயில் கட்டணம் யாரு பொறுப்புன்னு கேட்டிருக்கேன். ஒரு மாசத்துல பதில் எழுதச் சொல்லியிருக்கேன். அவ்வளவுதான்."

அண்ணாச்சி பேனாவைத் திறந்தார். முதல் கடிதத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு மூடினார்.

"எட்டு," என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"நீரு எட்டு சங்கதி வாசிச்சீரு. இங்க ஒம்பது தல தள்ளி நிக்கி." கடிதத்தில் தள்ளி ஆரம்பித்த ஒவ்வொரு இடத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு வந்து ஓரிடத்தில் வைத்தார். "மாதிரிக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு உருப்படி கெடக்கு. அது என்னது?"

வீட்டுக்குள் காற்று கொண்டுவந்து போட்ட மணல் தரையில் நறநறத்தது. அதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பொன்னுதுரை பொய் சொல்லியிருக்கலாம். எதையாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் அவர் நம்பித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்த மனிதனுக்குப் பொய் முதல் தடவையே வியர்த்துவிட்டது, இரண்டாவதுக்குத் தெம்பில்லை. அந்த வரியை அப்படியே தமிழில் சொன்னான்.

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "யாரு எழுதினா?"

"நான்தான்."

"நீரு எழுதல. தான் எழுதினதுல எவனாவது தடுக்கி நிப்பானா வே? புதுசாப் பாத்தவன் மாதிரில்லா முழிச்சீரு!"

"நான்தான் எழுதினேன்," என்றாள் கிரேசி. "அவியளுக்குத் தெரியாது."

"டீச்சரம்மாவுக்கு எங்க வியாபாரத்துல என்ன சோலி?" குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "படகுன்னு எழுதியாச்சு, கடல்னு எழுதியாச்சு. நாளைக்கே பம்பாய்க்காரன் நம்ம ஊரு ஏஜெண்டுக்கு எழுதுவான். ஏஜெண்டு தெக்க ஒருத்தன்ட்ட சொல்லுவான். என் பம்பு நான் செய்யுததுக்கு மின்ன அவன் தோணியில நிக்கும். உம்ம வீட்டுக்காரருக்கு ஒரு வேல குடுத்தேன், அதுக்கு இந்த மரியாதையா? வே, திருப்பி அடிக்கச் சொல்லும். அந்த வரி வேண்டாம். இல்லேன்னா நீரும் வேண்டாம்."

பொன்னுதுரை கடிதத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "கிரேசி..." என்றான். அதற்கு மேல் வரவில்லை.

கிரேசி உள்ளே போனாள். மறுபடி அடிக்கத்தான் போகிறாள் என்று அவன் நினைத்தான். நினைத்தபோது ஒரு நிம்மதியும் வந்தது, அந்த நிம்மதியை நினைத்து வெட்கமும் வந்தது. அவள் பரணியோடு வந்தாள். கையை விட்டு வளையத்தை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது என்னது?"

"ஏஜெண்டு தந்த மாதிரி. சித்திரைல போட்டேன். வெறும் கடல்தண்ணிதான், வேற ஒண்ணும் சேக்கல."

அண்ணாச்சி அதைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் வெள்ளையைச் சுரண்டினார். ஒரு காலை லேசாக அழுத்தினார். பிஸ்கோத்து மாதிரி ஒடிந்து கையோடு வந்தது. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் வந்தது.

"சரி," என்றார். "பித்தளைன்னு எழுதும். கடல் எதுக்கு?"

"பித்தளைல எத்தனையோ கலவை இருக்கு அண்ணாச்சி. செம்பு கிடைக்காத காலம். தண்ணின்னு தெரியாட்டா கையில இருக்கதை ஊத்தி அனுப்புவான். பாத்தா மஞ்சளாத்தான் இருக்கும்," என்றாள் கிரேசி.

அண்ணாச்சி ஒடிந்த கால் இரண்டையும் வளையத்துக்குள் வைத்துச் சேர்த்துப் பார்த்தார், ஒட்டிவிடலாம் என்பது போல. திடீரென்று தலையை நிமிர்த்தினார்.

"ஏஜெண்டு ரெண்டு தந்தாம்லா?"

பொன்னுதுரை சிலுவையைப் பார்த்தான்.

"இதோட ஜோடி எங்க?"

வாசலில் டிரங்குப் பெட்டி தோள் மாறியது. சிலுவை தொண்டையைச் செருமினான். "என் தோணியிலதான் மொதலாளி. நீங்கதான மாட்டச் சொன்னிய?"

"பம்பு எப்பிடி இழுக்கு?"

"ரெண்டு நாளா இழுக்கல."

"ஏலே, ஏம்ல சொல்லல?"

சிலுவை தரையைப் பார்த்தான். வழக்கமாக அவன் முகத்தில் இருக்கும் மன்னிப்பு அப்போது இல்லை. "சொன்னா கேப்பியளா மொதலாளி?" என்றான்.

அண்ணாச்சி அவனை அடிக்கப் போகிறார் என்று பொன்னுதுரை நினைத்தான். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வேப்பமரம் காற்றில் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. ஆறு மைல். கப்பல் காத்து நிற்காது. பதிமூன்று தோணி கரையில் கிடக்கிறது.

"பழைய பித்தளை வளையம் இருக்கால?"

"அதை ஏஜெண்டு திருப்பித் தரல மொதலாளி."

அண்ணாச்சி உடைந்த வளையத்தைத் துண்டில் முடிந்துகொண்டார். பேனாவைத் திறந்தார். நாலு கடிதத்திலும், ஒன்பது உருப்படிக்கும் கீழே, தமிழில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கடிதத்தில் மசி கொஞ்சம் தெறித்தது.

"பதில் வரும்போது நான் இருக்க மாட்டேன். கொறஞ்ச விலை எதுன்னு எனக்கு எழுத வேண்டாம், வே. கடல்தண்ணியப் பத்தி எவன் திருப்பிக் கேக்கான்னு எழுதும். கடுதாசிய ஒம்ம சம்சாரத்த அடிக்கச் சொல்லும்." எழுந்து செருப்பை மாட்டினார். வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "தோணியில வாளி எத்தன கெடக்கு?"

"ரெண்டு மொதலாளி. ஒண்ணு ஓட்டை."

"போற வழியில நாலு வாங்கு."

அவர்கள் போன பிறகு பொன்னுதுரை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். 

"ஏளா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா அடிக்க விட்டிருப்பியளா?"

அவன் யோசித்தான். "மாட்டேன்."

"பெறகென்ன? மணி ரெண்டரை. எந்திரிங்க."

உறைகளை ஒட்டியபோது பசை காய்ந்துபோயிருந்தது, சோற்றுப் பருக்கையை வைத்து ஒட்டினாள். அவன் அவற்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, காற்றில் வேட்டியைப் பிடித்தபடி கடற்கரைச் சாலையில் ஓடினான். தபாலாபீஸ் சன்னலில் நாலையும் எடை போட்டு வாங்கிக்கொண்டார்கள். முத்திரை குத்தும் சத்தத்தை நாலு தடவையும் நின்று கேட்டான்.

திரும்பும்போது கடலைப் பார்த்தான். சிலுவையின் தோணி பாயை விரித்துத் துறையைத் தாண்டிக்கொண்டிருந்தது. நாலு ஆள் குனிந்து குனிந்து கோரி ஊற்றினார்கள். அவர்களுக்கு நடுவில் டிரங்குப் பெட்டிமேல், இரண்டு காலையும் தூக்கிப் பலகையில் வைத்துக்கொண்டு, சில்க் சட்டையோடு பதினாலு தோணிக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியிலும் ஒரு வாளி இருந்தது. பொன்னுதுரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரும் குனிந்தார்.